கியர்பாக்ஸ் சூட்டை எங்கே அளப்பது, மீட்டரை எங்கே வைப்பது

1998 முதல் 2002 வரை வந்த செவ்ரோலே கமேரோ இசட்28 காரில் 5.7 லிட்டர் எல்எஸ்1 வி8 இன்ஜின் இருக்கும். ஆட்டோமேட்டிக்காக வாங்கியிருந்தால் கூடவே 4எல்60-இ என்ற நான்கு கியர் டிரான்ஸ்மிஷன், அதாவது கியர்பாக்ஸ். அமெரிக்காவில் இந்தக் காரை வைத்து டிராக் ரேஸ் (நேர்கோட்டில் கால் மைல் பாயும் பந்தயம்) ஓடுகிறவர்கள் சீக்கிரமே மாற்றிவிடுகிற பாகங்களில் ஒன்று, இன்ஜின் சக்தியை ஆயில் வழியாக கியர்பாக்ஸுக்குக் கடத்தும் டார்க் கன்வர்ட்டர். கம்பெனி போட்டதைக் கழற்றிவிட்டு 3,000 ஆர்பிஎம்முக்கு மேல் ஸ்டால் ஆகிற, அதாவது கார் நிற்கும்போதே இன்ஜினை அந்த வேகம்வரை சுற்றவிடுகிற கன்வர்ட்டரைப் போடுவார்கள். கார் கிளம்புகிற விதமே மாறிவிடும். கூடவே கியர்பாக்ஸின் சூடும் ஏறும். ஒரு டெம்பரேச்சர் மீட்டர் வேண்டும், அதை எங்கே வைப்பது என்ற கேள்வி அப்போதுதான் வருகிறது.

அது ஒரு கேள்விபோலத் தெரிந்தாலும் உள்ளே இரண்டு இருக்கின்றன. முள் ஆடுகிற மீட்டரை காருக்குள் எங்கே பொருத்துவது? சூட்டை உணர்கிற சென்சாரை கியர்பாக்ஸில் எங்கே செருகுவது? பலர் முதல் கேள்வியிலேயே நேரத்தை எல்லாம் செலவழித்துவிடுகிறார்கள். எனக்கு இரண்டாவதுதான் பெரியது. ஒரே கார், ஒரே நிமிடம், ஒரே ஆயில். ஆனால் சென்சார் இருக்கிற இடத்தைப் பொறுத்து ஒரு மீட்டர் 90 டிகிரி செல்சியஸ் காட்டும், இன்னொன்று 130 காட்டும். இரண்டுமே பொய் சொல்லவில்லை.

ஏன் இப்படி என்பதற்கு, சூடு எங்கே பிறக்கிறது என்று பார்க்க வேண்டும். கியர்களும் பேரிங்குகளும் உரசிக் கொஞ்சம் சூடு வரும். கிளட்ச் தட்டுகள் கியர் மாறும்போது கொஞ்சம் தரும். பெரும்பங்கு கன்வர்ட்டரிலிருந்துதான். இன்ஜினோடு சேர்ந்து சுற்றும் இம்பெல்லர் ஆயிலை வீசியடிக்க, அந்த வீச்சில் எதிரே இருக்கும் டர்பைன் சுற்றுகிறது. டர்பைன் இம்பெல்லரைவிட எவ்வளவு பின்தங்குகிறதோ, அவ்வளவுக்கு நடுவில் இருக்கும் ஆயில் கடைபடுகிறது. கடைபடுவதில் வீணாகும் சக்தி முழுவதும் சூடாக மாறுகிறது.

பிரேக்கை அழுத்திக்கொண்டு ஆக்ஸிலேட்டரை மிதித்தால் டர்பைன் அசையாமல் நிற்கும். அந்த நிலைதான் ஸ்டால். இன்ஜின் தருகிற சக்தி ஒரு துளிகூடச் சக்கரத்துக்குப் போகாது. ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். இன்ஜின் அந்த நேரத்தில் 150 கிலோவாட் தருகிறது என்று வைத்துக்கொள்வோம். கன்வர்ட்டருக்குள் 4 லிட்டர் ஆயில் இருந்தால் அதன் எடை ஏறக்குறைய 3.4 கிலோ. ஒரு கிலோ ஆயிலை ஒரு டிகிரி சூடாக்க 2 கிலோஜூல் போதும். இரும்புக் கூடு வாங்கிக்கொள்ளும் சூட்டை விட்டுவிட்டால், ஒவ்வொரு நொடிக்கும் 22 டிகிரி ஏறுகிறது! ஸ்டால் சோதனை செய்யும்போது 5 நொடிக்கு மேல் மிதிக்காதே என்று மெக்கானிக்குகளுக்குச் சொல்லித் தருவது இதனால்தான்.

ஸ்டால் கூடுதலான கன்வர்ட்டர் போட்ட காரில், சாதாரணமாக டவுனுக்குள் ஓட்டும்போதுகூட இந்த நழுவல் ஓரளவு நடந்துகொண்டே இருக்கும். சிக்னலில் நின்று நின்று கிளம்புகிற ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் கொஞ்சமாகச் சூடு சேரும்.

அடுத்து, ஆயில் போகிற வழி. பம்ப், டிரான்ஸ்மிஷனின் அடியில் ஆயில் தேங்கும் தட்டான பேனிலிருந்து ஃபில்டர் வழியாக ஆயிலை உறிஞ்சுகிறது. அதில் ஒரு பகுதி கன்வர்ட்டருக்குள் போய்க் கடைபட்டு, அதிகபட்சச் சூட்டோடு வெளியே வருகிறது. வந்த ஆயில் கூலருக்குப் போகும் பைப்பில் ஏறி, ரேடியேட்டரின் பக்கத் தொட்டிக்குள் இருக்கும் சின்ன கூலரைச் சுற்றுகிறது. கூடுதல் கூலர் வைத்திருந்தால் அதற்குள்ளும் போய், ஆறிய நிலையில் திரும்புகிறது. திரும்பிய ஆயில் உள்ளே கியர்களுக்கும் புஷ்களுக்கும் மசகாகி, கடைசியில் சொட்டிச் சொட்டிப் பேனில் விழுகிறது. பேனில் இருப்பது எல்லாம் கலந்த சராசரி. 4எல்60-இ முழுவதும் காலியாக இருந்தால் 10 லிட்டருக்கு மேல் ஆயில் பிடிக்கும். பேனை இறக்கினால் கீழே வருவது 4.7 லிட்டர் அளவுதான். மீதி கன்வர்ட்டரிலும் பைப்பிலும் கூலரிலும் நிற்கிறது.

ஆக சென்சார் வைக்க முக்கியமாக மூன்று இடங்கள்: பேன், கூலருக்குப் போகும் பைப், கூலரிலிருந்து திரும்பும் பைப். மூன்றும் மூன்று விதமான செய்தி சொல்லும்.

பேனிலிருந்து தொடங்கலாம். இங்கே முள் மெதுவாக ஏறும், மெதுவாக இறங்கும். டிரான்ஸ்மிஷனின் உடல்நிலையைச் சொல்லும் எண் இதுதான், ஏனென்றால் பம்ப் உறிஞ்சுவதும், கிளட்ச் தட்டுகளை அழுத்துவதும், ரப்பர் சீல்களை நனைப்பதும் இந்தச் சூட்டில் இருக்கும் ஆயில்தான். ஆயில் வயதைப் பற்றிப் பட்டறைகளில் சொல்லப்படும் பழைய கணக்கு ஒன்று உண்டு: 80 டிகிரி வரை நல்ல ஆயுள்; அதற்குமேல் ஏறும் ஒவ்வொரு 11 டிகிரிக்கும் ஆயுள் பாதியாகும். 127 டிகிரி அளவில் சீல்கள் இறுகத் தொடங்கும், 146-ல் தட்டுகள் நழுவும், 157-ல் எல்லாம் கருகிவிடும் என்பது அதே அட்டவணையின் மறுபாதி. மினரல் ஆயில் காலத்துக் கணக்கு அது. இப்போது வரும் செயற்கை ஆயில்கள் இதைவிடத் தாக்குப்பிடிக்கும். இருந்தாலும் போக்கு அதேதான். அந்த அட்டவணையைப் பேன் சூட்டோடு ஒப்பிடுவதுதான் பொருந்தும், ஆயில் அதிக நேரம் வாழ்வது அந்தச் சூட்டில்தான். 70 முதல் 95 டிகிரிக்குள் பேன் நின்றால் கவலைப்பட ஒன்றுமில்லை.

பேனில் எந்த இடம் என்பதிலும் தவறு நடக்கிறது. தகரப் பேனில் துளை போட்டு, சென்சாரின் 1/8 அங்குல என்பிடி (அமெரிக்கக் குழாய் அளவு) மரைக்கு ஏற்ற, உள்ளே மரை வெட்டிய ஒரு இரும்பு வளையத்தை வெல்டிங் செய்ய வேண்டும். அரைக்கால் அங்குலம்தானே என்று கண்ணுக்குத் தெரிந்த இடத்தில் போட்டுவிடக் கூடாது. சென்சாரின் மூக்கு உள்ளே நீட்டிக்கொண்டிருக்கும். மேலே ஃபில்டரும், ஆயில் அழுத்தத்தைப் பிரித்து அனுப்பும் வால்வ் பாடியும் நெருக்கமாகத் தொங்கும். துளை போடும் முன் பேனை இறக்கி, களிமண் உருண்டை வைத்து மூடிப் பார்த்து, எவ்வளவு இடைவெளி இருக்கிறது என்று அளப்பது நல்லது. எக்ஸாஸ்ட் பைப் ஓடும் பக்கத்தில் வைத்தால் பைப்பின் சூடும் சேர்ந்து காட்டும். அடிப்பக்கத்தில் வைத்தால் சாலையில் கிடக்கும் கல் ஒன்று சென்சாரைப் பிய்த்துக்கொண்டு போகும், ஆயிலும் கூடவே போகும். பக்கச்சுவர்தான் சரி.

பக்கச்சுவரில் முன்னாலா, பின்னாலா? இதை யோசிக்காமல் விடுகிறவர்கள் அதிகம். கார் 0.5 ஜி முடுக்கத்தில் (புவியீர்ப்பில் பாதி) பாய்ந்து கிளம்பும்போது பேனில் இருக்கும் ஆயில் பின்பக்கம் சாயும். முன் முனைக்கும் பின் முனைக்கும் உள்ள மட்ட வித்தியாசம் பேனின் நீளத்தில் பாதி வரை போகத் துடிக்கும். பேனின் ஆழம் அதற்கு இடம் தராது என்பதால், முன்பகுதி அநேகமாகக் காலியாகிவிடும். சென்சார் அங்கே இருந்தால் அது அளப்பது ஆயிலை அல்ல, காற்றை. அதனால் பின்பாதியில், முடிந்தவரை தாழ்வாக. ஆழம் கூடிய அலுமினிய வார்ப்புப் பேன்களில் சென்சாருக்கான துளையை ஏற்கெனவே போட்டே விற்கிறார்கள். வெல்டிங் வேலையும் மிச்சம், ஆயிலும் கூடுதலாகப் பிடிக்கும். வசதி இருந்தால் இதையே செய்யலாம்.

இரண்டாவது இடம் கூலருக்குப் போகும் பைப். இங்கே முள் நடனமாடும். மேட்டில் ஏறினால் ஏறும், மிதித்தால் பாயும், 120, 130 என்று காட்டி வயிற்றைக் கலக்கும். முதல்முறை பார்க்கிறவர்கள் பயந்து வண்டியை ஓரம் கட்டிவிடுவார்கள். ஆனால் கன்வர்ட்டரிலிருந்து நேராக வெளியே வரும் ஆயில் அது. சில நொடிகள் அப்படி ஏறுவது இயல்பு. ஏறி அங்கேயே நிற்கிறதா, இறங்குகிறதா என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

இந்த இடத்தின் உண்மையான பயன் வேறொன்றில் இருக்கிறது, அதை நான் ரொம்பவும் மதிக்கிறேன். 4எல்60-இ போன்ற டிரான்ஸ்மிஷன்களில் கன்வர்ட்டருக்குள்ளேயே ஒரு கிளட்ச் உண்டு. ஹைவேயில் நிதானமாக ஓடும்போது அது பூட்டிக்கொள்ளும். பூட்டிக்கொண்டால் நழுவல் இல்லை, கடைபடுதல் இல்லை, சூடும் இல்லை. போகும் பைப்பில் சென்சார் இருந்தால், பூட்டிய கொஞ்ச நேரத்திலேயே முள் சரசரவென்று இறங்குவதைக் கண்ணால் பார்க்கலாம். இறங்கவில்லை என்றால் கிளட்ச் முழுதாகப் பூட்டவில்லை என்று பொருள். 4எல்60-இ-யில் இது பெயர்பெற்ற நோய்: வால்வ் பாடியில் அந்தக் கிளட்ச்சை இயக்கும் வால்வின் துளை தேய்ந்து, அழுத்தம் கசிந்து, கிளட்ச் நழுவும். காரின் கம்ப்யூட்டர் பி1870 என்ற பழுதுக் குறியைப் பதிவு செய்யும். குறி வருவதற்கு முன்பே மீட்டர் காட்டிக்கொடுக்க வாய்ப்பு உண்டு. பேனில் வைத்த சென்சாரிலும் இது தெரியும்தான், ஆனால் ரொம்பத் தாமதமாக, கலங்கலாகத் தெரியும்.

எது போகும் பைப், எது திரும்பும் பைப் என்று குழப்பம் வரும். வண்டி முழுவதும் ஆறியிருக்கும்போது ஸ்டார்ட் செய்து, எது முதலில் சூடாகிறது என்று பார்த்தால் போதும். கையை வைப்பதைவிட அகச்சிவப்பு வெப்பமானியால் தள்ளி நின்று பார்ப்பது பாதுகாப்பு. ரேடியேட்டர் ஃபேன் எப்போது சுற்றத் தொடங்கும் என்று சொல்ல முடியாது.

திரும்பும் பைப் கூலரைப் பரீட்சிக்க உதவும். போகும்போது 120, திரும்பும்போது 85 என்றால் கூலர் வேலை செய்கிறது. இங்கே ஒன்றை மறக்கக் கூடாது. ரேடியேட்டர் தொட்டிக்குள் இருக்கும் கூலரை மட்டும் நம்பினால், அங்கே நிற்கும் தண்ணீரின் சூட்டுக்குக் கீழே ஆயில் ஒருபோதும் போகாது. அதனால் கூடுதல் கூலரை ரேடியேட்டருக்கு அடுத்து, அதாவது திரும்பும் வழியில், வைக்கிறார்கள். ஆனால் திரும்பும் பைப்பில் மட்டும் ஒரே சென்சாரை வைத்துவிட்டு நிம்மதியாக இருப்பது ஆபத்து. ஆறிய ஆயிலின் சூட்டை மட்டுமே பார்த்துக்கொண்டிருப்பீர்கள்.

நான்காவதாக ஒரு குறுக்குவழியும் புழக்கத்தில் இருக்கிறது. அழுத்தம் பார்ப்பதற்காக டிரான்ஸ்மிஷன் உடம்பிலேயே ஒரு துளை இருக்கும். அதன் அடைப்பைக் கழற்றிவிட்டு சென்சாரைத் திருகிவிடுவார்கள். பேனை இறக்க வேண்டாம், பைப்பை வெட்ட வேண்டாம். ஆனால் அது முட்டுச்சந்து. அழுத்தம் இருக்கும், ஓட்டம் இருக்காது. நின்றுபோன கொஞ்சம் ஆயிலும் சுற்றியிருக்கும் அலுமினியமும் என்ன சூட்டில் இருக்கிறதோ அதைத்தான் காட்டும். பேன் சூட்டுக்கு ஓரளவு பக்கத்தில் வரும், ஆனால் மந்தமாக. டவுனுக்குள் ஓட்டும் வண்டிக்கு இது போதும் என்று ஏற்றுக்கொள்ளலாம். ரேஸுக்கு நான் சிபாரிசு செய்ய மாட்டேன்.

4எல்60-இ வைத்திருப்பவருக்கு ஒரு சலுகை உண்டு. வால்வ் பாடியில் திருகியிருக்கும் பிரஷர் ஸ்விட்ச் தட்டிலேயே கம்பெனி ஒரு வெப்ப சென்சாரை வைத்திருக்கிறது. டிரான்ஸ்மிஷனின் நிலையைப் படிக்கத் தெரிந்த ஸ்கேனரை, காரின் கம்ப்யூட்டரைப் படிப்பதற்கான ஓபிடி சாக்கெட்டில் செருகினால் அந்த எண் கிடைக்கும். அதாவது பேன் பக்கத்துச் சூடு இலவசம். அப்படியானால் தனியாக வாங்கும் மீட்டரின் சென்சாரைப் போகும் பைப்பில் வைப்பதுதான் புத்திசாலித்தனம். இரண்டு பார்வையும் கிடைத்துவிடும். 1964-ல் வந்த டர்போ ஹைட்ராமேட்டிக் 400, 1950-ல் வந்த பவர்கிளைடு போன்ற பழைய டிரான்ஸ்மிஷன்களில் இந்த வசதி கிடையாது. அவற்றில் ஒரே ஒரு சென்சார்தான் வைக்க முடியும் என்றால், சாலையில் ஓடும் வண்டிக்குப் பேன், கால் மைல் ரேஸ் மட்டும் ஓடும் வண்டிக்குப் போகும் பைப் என்பது என் தேர்வு. ரேஸில் டிரான்ஸ்பிரேக்கை (டிரான்ஸ்மிஷனைப் பூட்டி காரை நிறுத்திவைக்கும் கருவி) பிடித்துக்கொண்டு தொடக்கக் கோட்டில் நிற்கும் சில நொடிகளில் நடப்பதைப் பேன் சொல்லி முடிப்பதற்குள் ஓட்டமே முடிந்துவிடும்.

பைப்பில் வைக்கும்போது இரண்டு விஷயங்கள். சென்சாரின் மூக்கு ஓடுகிற ஆயிலுக்குள் நீட்டியிருக்க வேண்டும். டி வடிவ இணைப்பின் கிளைக்குள் ஒளிந்திருந்தால் மறுபடியும் முட்டுச்சந்துதான். அதேசமயம் மூக்கு வழியை அடைக்கவும் கூடாது. அடைத்தால் கூலருக்குப் போகும் ஆயில் குறையும், அளக்க வந்த கருவியே சூட்டை ஏற்றிவிடும். நேர்வழி அகலமாக உள்ள இணைப்பாகப் பார்த்து வாங்க வேண்டும். அப்புறம் எர்த். ஒரு வயர் மட்டும் உள்ள சென்சார் தன் மரை வழியாகத்தான் எர்த் எடுக்கிறது. ரப்பர் ஹோஸுக்கு நடுவில் தொங்கும் இணைப்பில் அதைத் திருகினால் எர்த்தே கிடைக்காது. மீட்டர் செத்த மாதிரி கிடக்கும், அல்லது ஏதோ ஒரு எண்ணைக் காட்டும். இணைப்பிலிருந்து சேஸிஸுக்கு ஒரு வயரை இழுத்துக் கட்ட வேண்டும். கசிவுக்காக டெஃப்ளான் டேப்பை மரையில் கனமாகச் சுற்றினாலும் இதே தொல்லை வரலாம். இரண்டு வயர் உள்ள சென்சாருக்கு இந்தக் கவலை இல்லை.

சரி, மீட்டர். அமெரிக்கச் சந்தையில் இவை பெரும்பாலும் 52 மில்லிமீட்டர் வட்டத்தில் வரும். பலரும் விரும்புவது முன்கண்ணாடியின் பக்கத் தூணில், ஓட்டுநர் பக்கம், ஒரு பிளாஸ்டிக் கிண்ணத்தில் பொருத்துவது. சாலையிலிருந்து கண்ணை அதிகம் திருப்ப வேண்டாம், டேஷ்போர்டை வெட்டவும் வேண்டாம். 2002 வரையான கமேரோவுக்கு இது பொருந்தும். ஆனால் அதற்குப் பிறகு வந்த பல கார்களில் அந்தத் தூணின் உறைக்குள் பக்கத் திரை ஏர்பேக் மடித்து வைக்கப்பட்டிருக்கிறது. அது விரியும் வழியில் ஒரு மீட்டரைத் திருகுவது, விபத்தின்போது அதை முகத்தை நோக்கி எறிவதற்கு ஏற்பாடு செய்வது போன்றது. தூணின் உறையில் ஏர்பேக் என்று பொறித்திருந்தால் அந்த இடத்தை மறந்துவிட வேண்டும். பயணி பக்க டேஷ்போர்டின் மேல்பரப்புக்கும் இதே விதிதான். அந்தக் கார்களில் ஸ்டியரிங் தண்டின் மேல்பக்கமோ, நடு டேஷ்போர்டில் ரேடியோவுக்கு மேலே உள்ள இடமோ நல்லது.

ஹெல்மெட்டும் கழுத்தைக் காக்கும் ஹான்ஸ் கருவியும் அணிந்து ஓட்டுகிறவருக்குத் தலை பக்கவாட்டில் அவ்வளவாகத் திரும்பாது. அவருக்கு நடு டேஷ்போர்டு வீண். சீட்டில் உட்கார்ந்து, பெல்ட்டை இறுக்கி, ஹெல்மெட்டையும் போட்டுக்கொண்டு, வேறொருவரை மீட்டரைப் பல இடங்களில் பிடிக்கச் சொல்லிப் பார்த்துவிட்டுத்தான் துளை போட வேண்டும். வேகம் எடுக்கும் அந்தச் சில நொடிகளில் எண்ணைப் படிக்க யாராலும் முடியாது. எல்லையைத் தாண்டினால் எரியும் பெரிய சிவப்பு விளக்கு ஒன்றைக் கண் பார்வைக்குள் வைப்பது மீட்டரைவிட உதவும். ரேஸ்காரர்கள் செய்யும் இன்னொரு வேலை எனக்குப் பிடிக்கும்: மீட்டரையே அதன் கிண்ணத்துக்குள் திருப்பி வைத்து, இயல்பான சூட்டில் எல்லா முட்களும் நேர் மேலே நிற்கும்படி செய்வார்கள். எண்ணைப் படிக்கவே வேண்டாம், எந்த முள் சாய்ந்திருக்கிறது என்று ஓரக்கண்ணால் தெரிந்துவிடும்.

மின்சார மீட்டரா, மெக்கானிக்கல் மீட்டரா என்பதும் இடத்தைத் தீர்மானிக்கும். மெக்கானிக்கலில் சென்சாரிலிருந்து மீட்டர் வரை ஒரு மெல்லிய உலோகக் குழாய் ஓடும். உள்ளே இருப்பது டிரான்ஸ்மிஷன் ஆயில் அல்ல, மூடி அடைத்த ஈதர் போன்ற திரவம். அது விரிவதால்தான் முள் நகர்கிறது. கரண்ட் வேண்டாம், நம்பகமானது. ஆனால் அந்தக் குழாயை வெட்டவோ ஒட்டவோ முடியாது, மடிந்தால் மீட்டரே போச்சு, எக்ஸாஸ்ட்டுக்குப் பக்கத்தில் கொண்டுபோகவும் கூடாது. பேனிலிருந்து கமேரோவின் முன் தூண் வரை அதை இழுப்பது பெரும்பாடு. மின்சார மீட்டருக்கு ஒரு வயர் போதும்.

கியரைக் கையால் மாற்றும் வண்டிகளில் கன்வர்ட்டர் கிடையாது, அதனால் சாலையில் இந்தச் சிக்கல் அவ்வளவாக எழாது. ரேஸ் டிராக்கில் நீண்ட நேரம் சுற்றினால்தான் கியர் ஆயில் சூடேறும். மரை பொருந்தினால் ஆயில் வடிக்கும் அடைப்பின் இடத்திலேயே சென்சாரை வைக்கிறார்கள். இரட்டைக் கிளட்ச் வண்டிகளில் நிசான் ஜிடி-ஆர் ஆர்35 நல்ல உதாரணம். 2007 டிசம்பரில் ஜப்பானில் விற்பனைக்கு வந்த அந்தக் காரின் நடுத்திரையில் டிரான்ஸ்மிஷன் ஆயில் சூட்டை நிசானே காட்டிவிட்டது.

எந்த இடத்தைத் தேர்ந்தெடுத்தாலும், பொருத்தும் முன் சென்சாரைக் கொதிக்கும் தண்ணீரில் ஒருமுறை சோதித்துவிடுங்கள். மீட்டருக்கு 12 வோல்ட் கொடுத்து, சென்சாரின் மரைப் பகுதியிலிருந்து பேட்டரியின் நெகட்டிவ் முனைக்கு ஒரு வயரைக் கட்டி, மூக்கை மட்டும் தண்ணீரில் முக்க வேண்டும். அமெரிக்க மீட்டர்கள் ஃபாரன்ஹீட்டில் இருக்கும். கடல் மட்டத்து ஊரில் 212 காட்ட வேண்டும். டென்வர் மாதிரி 1,600 மீட்டர் உயரத்து ஊரில் தண்ணீர் 203 அளவிலேயே கொதித்துவிடும், அங்கே 203 காட்டினால் மீட்டர் சரி. எத்தனை டிகிரி கூடவோ குறையவோ காட்டுகிறது என்பதையும், சென்சார் எந்த இடத்தில் போகப்போகிறது என்பதையும் ஒரு துண்டு டேப்பில் எழுதி மீட்டரின் பின்பக்கம் ஒட்டிவிடுங்கள். அந்தக் காரை அடுத்து வாங்குகிறவர் 250 என்ற எண்ணைப் பார்த்ததும், அது பேனில் 250-ஆ, பைப்பில் 250-ஆ என்று முதலில் தேடப்போவது அதைத்தான்.